பேஸ்பால் பிட்ச்சரோட தோள்பட்டைக்கு டேப் ஒட்டறது எப்படி: புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

அமெரிக்காவுல நம்ம பசங்க நிறைய பேர் இப்ப லிட்டில் லீக்ல பேஸ்பால் ஆடறாங்க, அதுல கொஞ்சம் நல்லா எறியற பையனோ பொண்ணோ இருந்தா கோச் உடனே பிட்ச்சரா, அதாவது பந்தை எறியற ஆளா, மவுண்ட்ல (எறியறவர் நிக்கற மேடு) ஏத்தி விட்டுடறாரு. ரெண்டு மூணு வாரம் போனதும் "கை கடுக்குதுப்பா"ன்னு வீட்டுக்கு வருவாங்க. அப்ப அப்பா அம்மா கடைக்குப் போய் கலர் கலரா இருக்கற கினிசியாலஜி டேப் (இழுபடற பருத்தி டேப்) ஒரு ரோல் வாங்கிட்டு வந்து, எங்க ஒட்டறது, எவ்வளவு இழுக்கறதுன்னு தெரியாம முழிப்பாங்க. அவங்களுக்காகவும், காலேஜ்லயோ கிளப்லயோ இப்பத்தான் பிட்ச்சிங் ஆரம்பிச்சவங்களுக்காகவும்தான் இதை எழுதறேன்.

ஒண்ணை மட்டும் இப்பவே சொல்லிடறேன், மத்தது எல்லாம் இதுக்கு அப்புறம்தான். டேப் ஒட்டறது தோள்பட்டை ஒழுங்கா அசையறதுக்கு ஒரு சின்ன உதவி. இன்னும் 20 பிட்ச், அதாவது 20 பந்து, கூடுதலா எறிய வைக்கறதுக்கான வழி இல்ல. இந்த எண்ணத்தோட ஒட்டினா பிரயோஜனம் உண்டு, இல்லாம ஒட்டினா கெடுதல்தான் வரும்.

தோள்பட்டை எங்க சோர்ந்து போகுது

ஒட்டறதுக்கு முன்னாடி எதுக்காக ஒட்டறோம்னு புரியணும், இல்லன்னா யூடியூப் பார்த்து ஒட்டற மாதிரி ஆயிடும்.

பேஸ்பால் பந்தோட எடை 142ல இருந்து 149 கிராம்தான். ஆனா அதை மவுண்ட்ல இருந்து 18.44 மீட்டர் தள்ளி, பேட் பண்றவர் நிக்கற ஹோம் பிளேட்டுக்கு (சின்னப் பசங்களுக்கு லிட்டில் லீக்ல 14 மீட்டர்) வேகமா அனுப்பணும்னா கை பின்னாடி நல்லா மடங்கிப் போய் அங்கிருந்து சாட்டை மாதிரி முன்னாடி சுழலுது. பெரிய லெவல்ல ஆடற பிட்ச்சருக்கு அந்தச் சுழற்சி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 7,000 டிகிரி வேகத்துல நடக்குதுன்னு அளந்திருக்காங்க. விளையாட்டுல மனுஷ உடம்பு பண்ற ரொம்ப வேகமான அசைவுகள்ல இதுவும் ஒண்ணு.

பந்து கையை விட்டுப் போயிடும், கை போகாதுல்ல. அந்த வேகத்துல போற கையை நிறுத்தணும். பந்தை விடற நேரத்துல தோள் மூட்டை வெளிய பிடுங்கற விசை பெரியவங்களுக்கு கிட்டத்தட்ட அவங்க உடம்பு எடை அளவுக்கு வருது. அதை யார் தாங்கறாங்கன்னா தோள்பட்டைக்குப் பின்னாடி இருக்கற சின்ன சின்ன தசைங்க: தோள் மூட்டைச் சுத்திப் பிடிச்சிருக்கற ரொடேட்டர் கஃப்ல இருக்கற இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரஸ் மைனர், அப்புறம் முதுகுல றெக்கை எலும்பைக் கீழ பிடிச்சு வைக்கற லோயர் டிரபீசியஸ், பக்கவாட்டுல விலா எலும்பு மேல இருக்கற செர்ரேட்டஸ். எறியற வேலையில காலும் இடுப்பும் பாதிக்கு மேல பங்கெடுத்துக்கும், ஆனா நிறுத்தற வேலை முக்காவாசி இந்தச் சின்ன தசைங்க தலையிலதான் விழுது. அதுவும் இழுபட்டுக்கிட்டே இறுகற மாதிரியான வேலை, தசையை ரொம்பச் சீக்கிரம் களைப்பாக்கறது, மறுநாள் கடுப்பைக் கொடுக்கறது இதுதான்.

இவங்க சோர்ந்ததும் என்ன ஆகும்னா, றெக்கை எலும்பு (இனிமே ஸ்கேபுலான்னு சொல்றேன், பிசியோகிட்ட போனாலும் இதான் சொல்வாங்க) தன் இடத்துல நிக்காம முன்னாடி சாஞ்சிடும், கீழ் முனை முதுகை விட்டுத் துருத்திக்கிட்டு வரும். தோள் மூட்டோட கிண்ணம் அந்த எலும்புலதான் இருக்கு, கிண்ணமே ஆடிச்சுன்னா மேல இருக்கற கையை யாரு பிடிக்கறது? ரொடேட்டர் கஃப் தசைநார் எலும்புக்கு நடுவுல நசுங்கும், முழங்கையும் தேவையில்லாம சுமை வாங்கும். டேப் நாம ஒட்டப்போறது முக்கியமா இந்த ஸ்கேபுலாவுக்காகத்தான்.

டேப் உண்மையில என்ன பண்ணுது

இழுபடற இந்தப் பருத்தி டேப்பை 1970கள்ல உருவாக்கினவர் கென்ஸோ காஸேன்னு ஒரு ஜப்பானிய கைரோபிராக்டர் (முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால சரி பண்றவர்). 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல பீச் வாலிபால் ஆடின கெர்ரி வால்ஷ் தோள்பட்டைல கருப்பா ஒட்டிக்கிட்டு வந்ததைப் பார்த்துத்தான் உலகம் பூரா இது பரவிச்சு.

தோலைத் தூக்கி விட்டு ரத்த ஓட்டத்தைக் கூட்டுது, தசைக்குப் பலம் கொடுக்குதுன்னு பாக்கெட் மேல எல்லாம் போட்டிருப்பாங்க. அதுக்கெல்லாம் வலுவான ஆதாரம் கிடையாது, விட்டுருங்க. நம்பற மாதிரி இருக்கறது வேற ஒண்ணு. தோல் மேல ஒரு லேசான இழுப்பு இருந்துக்கிட்டே இருந்தா, உடம்பு அந்த இடத்தைக் கவனிக்குது. கூன் போட்டு உக்காந்திருக்கற பிள்ளை முதுகுல பாட்டி ஒரு விரலை வச்சா தானா நிமிருமே, ஏறக்குறைய அந்த வேலைதான் டேப் பண்ணுது. பாட்டி விரல் பிள்ளையைத் தூக்கி நிறுத்தல, பிள்ளைதான் நிமிருது.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா, தைவான்ல தோள்ல இம்பிஞ்ச்மென்ட் (தசைநார் எலும்புக்கு நடுவுல நசுங்கற) பிரச்சனை இருந்த 17 பேஸ்பால் வீரர்களை வச்சு 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு. எலாஸ்டிக் டேப் ஒட்டினப்ப ஸ்கேபுலா பின்பக்கமா சாயறது கொஞ்சம் கூடுச்சு, கையை இறக்கும்போது லோயர் டிரபீசியஸ் கொஞ்சம் கூடுதலா வேலை செஞ்சுது. கொஞ்சம்தான், ஆனா நமக்கு வேண்டிய திசையில. அதுக்கு முந்தின வருஷம் அமெரிக்காவுல தோள் வலி இருந்த 42 மாணவர்களை வச்சுப் பண்ணினதுல, ஒட்டின உடனே வலி இல்லாம கையைத் தூக்கற அளவு கூடுச்சு, சில நாள் கழிச்சுப் பார்த்தா சும்மா பேருக்கு ஒட்டினவங்களுக்கும் இவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா எனக்குப் புரியறது இதுதான்: உடனடியா ஒரு சின்ன உதவி கிடைக்கும், அந்த நேரத்துல தோள் சரியா அசைய பழகிக்கணும், உடற்பயிற்சியும் ஓய்வும் சேர்ந்தாத்தான் அது நிலைக்கும்.

ஒட்டறதுக்கு முன்னாடி: கடுப்பா, வலியா?

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க.

பிட்ச் பண்ணின மறுநாள் தோளுக்குப் பின்னாடி பொதுவா ஒரு கனம், ஒரு கடுப்பு, தொட்டா லேசா நோவு, இதெல்லாம் சோர்வு. ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். இதுக்கு டேப் ஒட்டலாம்.

எறியும்போது ஒரு குறிப்பிட்ட இடத்துல சுருக்குன்னு குத்துதா, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியலையா, தோள் உள்ள ஏதோ நழுவற மாதிரியோ சொடக்கு விழற மாதிரியோ இருக்கா, விரல் மரத்துப் போகுதா, திடீர்னு கையில பலமே இல்லாத மாதிரி பந்து போகுதா, இது எதுவா இருந்தாலும் டேப்பை உள்ள வச்சுட்டு ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டர்கிட்ட போங்க.

11ல இருந்து 16 வயசுப் பசங்கன்னா இன்னும் ஒரு படி ஜாக்கிரதை வேணும். மேல்கை எலும்போட மேல் முனையில வளர்ச்சிக் குருத்து (எலும்பு நீளமா வளர்ற இடம்) இன்னும் மூடியிருக்காது, திரும்பத் திரும்ப எறியறதுல அது விலகி வீங்கறதுக்கு லிட்டில் லீக் ஷோல்டர்னே பேர் வச்சிருக்காங்க. மேல்கை வெளிப்பக்கம் தோளுக்குக் கீழ எலும்பை அழுத்தினா வலிக்கும், எக்ஸ்ரேல தெரியும். அதுக்கு வைத்தியம் எறியறதை நிறுத்தறதுதான், பல சமயம் மூணு மாசம் வரைக்கும் ஆகும். அப்படிப்பட்ட கையில டேப் ஒட்டி "இப்ப பரவால்லப்பா"ன்னு பையன் சொல்லி மறுபடியும் மவுண்ட்ல நின்னா, அந்தக் குருத்துக்குத்தான் அடி. பசங்க ஆட்டத்துல இருந்து வெளிய எடுத்துடுவாங்களோன்னு வலியை மறைப்பாங்க, "வலிக்குதா"ன்னு கேட்டா இல்லன்னுதான் பதில் வரும், "எந்த இடத்துல, எந்த நேரத்துல, விரல் வச்சுக் காட்டு"ன்னு கேளுங்க.

என்ன வாங்கணும்

5 சென்டிமீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் உள்ள கினிசியாலஜி டேப் ரோல் ஒண்ணு. கினிசியோ, கேடி டேப், ராக்டேப்னு பல பிராண்ட் இருக்கு, ஆரம்பத்துக்கு எதுவும் பரவாயில்ல, பருத்தில செஞ்சதா, லேடெக்ஸ் இல்லாததான்னு மட்டும் பாருங்க. கேடி டேப்ல 25 சென்டிமீட்டர் துண்டுகளாவே வெட்டி வரும், சின்னப் பசங்களுக்கு அது வசதி, பெரியவங்க முதுகுக்கு நீளம் பத்தாது. கலருக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்ல. கூடவே நல்லா வெட்டற கத்தரிக்கோல் வேணும், மழுங்கின கத்தரில வெட்டினா ஓரம் பிசிறு பிசிறா வந்து அரை நாள்ல உரிஞ்சிடும்.

வெள்ளையா இருக்கற இழுபடாத ஸிங்க் ஆக்சைடு டேப்பும் கடையில பக்கத்துலயே இருக்கும். ஆஸ்திரேலிய பிசியோ ஜென்னி மெக்கானலோட முறைகள்ல பயன்படறது அந்த மாதிரி டேப்தான், அனுபவமுள்ள பிசியோ கையில நல்ல கருவி. ஆனா நீங்க வீட்டுல அதை எடுத்து பிட்ச்சர் தோள்ல ஒட்டாதீங்க, கை பின்னாடி போறதையே அது தடுத்துடும், தோள்ல தடுத்த அசைவை உடம்பு முழங்கையில வாங்கும்.

தோலைத் தயார் பண்றது

முதல் தடவைன்னா முந்தின நாளே ஒரு தீப்பெட்டி அளவு துண்டை முதுகுல ஒட்டி 24 மணி நேரம் விட்டுப் பாருங்க. அரிப்பு, தடிப்பு, கொப்புளம் வந்தா அந்தத் தோலுக்கு இந்தப் பசை ஒத்துக்கல, இத்தோட நிறுத்திக்கங்க.

ஒட்டற அன்னைக்கு தோல்ல எண்ணெய், லோஷன், சன்ஸ்கிரீன், வியர்வை எதுவும் இருக்கக் கூடாது. நம்ம வீட்டுல தலைக்கு எண்ணெய் வச்ச அன்னைக்கு பின்கழுத்து, தோள் வரைக்கும் வழிஞ்சிருக்கும், சோப்புப் போட்டுக் கழுவி நல்லாத் துடைச்சு காய விடுங்க. முடி அதிகமா இருந்தா டிரிம்மரால குறைங்க, பிளேடு வச்சு மழிச்ச உடனே ஒட்டினா எரியும். வெயில்ல கன்றிப்போன தோல், சிராய்ப்பு, புண்ணு, கட்டி இருக்கற இடத்துல ஒட்டவே வேண்டாம்.

நேரம் முக்கியம். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியாவது ஒட்டிடணும். பசை உடம்புச் சூட்டுலதான் நல்லாப் பிடிக்கும், வார்ம்அப் பண்ணி வேர்த்த பிறகு டக்அவுட்ல (டீம் உக்கார்ற இடம்) நின்னு ஒட்டினா ரெண்டாவது இன்னிங்ஸ்லயே சட்டைக்குள்ள சுருண்டு கிடக்கும்.

எவ்வளவு இழுக்கணும்ங்கற கணக்கு

புதுசா ஒட்டற எல்லாருமே தடுமாறற இடம் இதுதான், நல்லா இழுத்தா நல்லா வேலை செய்யும்னு நினைச்சுக்கறது. அப்படி இல்ல. அதிகமா இழுத்தா தோல் கன்றிக் கொப்புளம் வரும், அவ்வளவுதான்.

இந்த டேப் முழுசா இழுத்தா தன் நீளத்துல பாதி வரைக்கும் கூடும், அதாவது 10 சென்டிமீட்டர் துண்டு 14, 15 வரைக்கும் வரும். அதை 100 சதவீதம்னு வச்சுக்கங்க. 25 சதவீத இழுப்புன்னா 10 சென்டிமீட்டர் 11 சொச்சம் ஆகணும். 50 சதவீதம்னா 12ல இருந்து 12.5. ஒரு சின்னத் துண்டை வெட்டி ஸ்கேல் வச்சு ரெண்டு மூணு தடவை இழுத்துப் பார்த்தீங்கன்னா கைக்குப் பழகிடும், இதுக்கு ஒரு துண்டு வீணாப் போனாலும் பரவாயில்ல.

எல்லாப் பட்டைக்கும் பொதுவான ஒரு விதி: ரெண்டு முனையிலயும் 4, 5 சென்டிமீட்டருக்கு இழுப்பே கூடாது, சும்மா வச்சு அழுத்தணும். இழுப்பு எல்லாம் நடுவுல மட்டும். முனைகளை வட்டமா வெட்டிடுங்க, கூர்மையா விட்டா சட்டையில மாட்டி உரியும். பசை இருக்கற பக்கத்தை விரலால தொடாதீங்க, பேப்பரை நடுவுல கிழிச்சு ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒட்டுங்க.

முதல் பட்டை: ஸ்கேபுலாவுக்கு

முதல் தடவை ஒட்டறவங்க இந்த ஒரு பட்டையோட நிறுத்திக்கிட்டாலே போதும்ங்கறது என் அபிப்பிராயம். மூணையும் ஒரே நாள்ல ஒட்டினா எது உதவிச்சு எது இடைஞ்சல் பண்ணிச்சுன்னு தெரியாமப் போயிடும்.

பிட்ச்சர் சட்டையைக் கழட்டிட்டு நேரா நிக்கணும், நேரா முன்னாடி பார்க்கணும், செல்போனைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டு நிக்கக் கூடாது. எறியற பக்கத்துத் தோளை மட்டும் லேசா பின்னாடி, கொஞ்சம் கீழ கொண்டு வரச் சொல்லுங்க. மிலிட்டரிக்காரர் மார்பை விறைக்கற அளவுக்கு வேண்டாம், சும்மா நல்லா நிமிர்ந்து நிக்கற அளவுக்கு.

காரையெலும்பு தோளைத் தொடற இடத்துக்குக் கொஞ்சம் கீழ, தோளோட முன்பக்கத்துல டேப் ஆரம்பிக்கணும். அங்கிருந்து தோள் உச்சிக்கு மேல ஏறி, முதுகுப் பக்கம் இறங்கி, ஸ்கேபுலா மேல சாய்வா குறுக்கப் போய், முதுகெலும்பு பக்கத்துல ஸ்கேபுலாவோட கீழ் முனைக்கு ரெண்டு மூணு விரல் கீழ முடியணும். வெட்டறதுக்கு முன்னாடி பேப்பரோட வச்சு அளந்துக்கங்க, பெரியவங்களுக்கு 30, 35 சென்டிமீட்டர் ஆகும், சின்னப் பசங்களுக்குக் குறையும்.

முன்பக்க முனையை இழுக்காம ஒட்டுங்க. தோள் உச்சியைத் தாண்டினதும் 25 சதவீதம் இழுத்து, ஒரு கையால இழுப்பைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால தடவித் தடவி ஒட்டிக்கிட்டே கீழ வாங்க. கொஞ்சம் பழகினதும் 50 வரைக்கும் போகலாம், அதுக்கு மேல தேவையே இல்ல. கடைசி 5 சென்டிமீட்டரை இழுப்பை விட்டுட்டு ஒட்டுங்க. ஒட்டி முடிச்சதும் உள்ளங்கையால நல்லாத் தேய்ச்சு விடுங்க, சூடு ஏறினாத்தான் பிடிப்பு வரும். ஹேர் டிரையர் எல்லாம் போட வேண்டாம்.

சரியா ஒட்டியிருந்தா, அவங்க வேணும்னே கூன் போட்டுப் பார்க்கும்போது முதுகுல லேசா ஒரு இழுப்பு தெரியும், நேரா நின்னா டேப் இருக்கறதே தெரியக் கூடாது. நேரா நிக்கும்போதே இழுக்குதுன்னு சொன்னா எடுத்துட்டு மறுபடியும் ஒட்டுங்க.

ரெண்டாவது: பின் தோளுக்கு

கையை நிறுத்தற தசைங்க இருக்கற இடம் இது. எறியற கையை மார்புக்குக் குறுக்க கொண்டு போய் எதிர்த் தோளைத் தொடச் சொல்லுங்க. இப்ப பின்பக்கத் தோல் நல்லா விரிஞ்சிருக்கும். ஸ்கேபுலாவோட முதுகெலும்புப் பக்க ஓரத்துல, நடுவுக்குக் கொஞ்சம் கீழ ஒரு முனையை ஒட்டி, அங்கிருந்து தோளோட பின் வெளி மூலையை நோக்கி 15ல இருந்து 25 சதவீத இழுப்புல கொண்டு போய், மேல்கையோட வெளிப்பக்கம் ஆரம்பிக்கற இடத்துல இழுக்காம முடிச்சிடுங்க.

கையை ஏன் குறுக்க வைக்கச் சொல்றேன்னா, பந்தை விட்டதும் ஃபாலோ த்ரூல கை அப்படித்தான் உடம்பைக் குறுக்க தாண்டிப் போகும். கை தொங்கும்போது ஒட்டிட்டா அந்த நேரத்துல டேப் இறுக்கிப் பிடிக்கும், பிட்ச்சர் தன்னையறியாம ஃபாலோ த்ரூவைச் சுருக்கிடுவாரு, அப்புறம் நிறுத்தற சுமை இன்னும் கூடும். கையைத் திரும்ப இறக்கும்போது டேப் சுருக்கம் சுருக்கமா தெரியும், அது அப்படித்தான் இருக்கணும், பயப்பட வேண்டாம்.

எந்த முனையில ஆரம்பிக்கணும், தசை எந்தப் பக்கம் தொடங்குது எந்தப் பக்கம் முடியுதுன்னு திசையை வச்சுப் பெரிய விவாதமே ஓடும். எந்தத் திசையில ஒட்டினாலும் பெருசா வித்தியாசம் தெரியறதில்ல, உங்களுக்கு எது சுலபமோ அப்படி ஒட்டுங்க.

மூணாவது: தோள் மேல ஒய் வடிவம்

இது கட்டாயம் இல்ல. தோள் மூட்டு மேல ஒரு அணைப்பு இருந்தா நல்லா இருக்குன்னு சிலர் சொல்வாங்க, அவங்களுக்கு மட்டும். 20, 25 சென்டிமீட்டர் துண்டை எடுத்து ஒரு முனையில 5 சென்டிமீட்டர் விட்டுட்டு மீதியை நீளவாக்குல ரெண்டா வெட்டுங்க. வெட்டாத முனையை மேல்கையோட வெளிப்பக்கம் பாதியில, தோளை மூடியிருக்கற டெல்டாய்ட் தசை ஒடுங்கற இடத்துல ஒட்டுங்க. கையைப் பின்னாடி நீட்டச் சொல்லி முன் வாலை தசையோட முன் ஓரமா மேல கொண்டு போங்க, அப்புறம் கையைக் குறுக்க கொண்டு வரச் சொல்லி பின் வாலை பின் ஓரமா கொண்டு போங்க. இழுப்பு 15 சதவீதம் தாண்ட வேண்டாம், அதாவது பேப்பரை உரிச்சதும் டேப் எப்படி இருக்கோ ஏறக்குறைய அப்படியே.

மூணு பட்டையில எதுவுமே அக்குள் வழியா கையைச் சுத்தி வளையமா வரக் கூடாது, ரத்த ஓட்டத்துக்கு இடைஞ்சல்.

ஒட்டின பிறகு சோதிக்கறது

நேரா மவுண்டுக்குப் போகாதீங்க. முதல்ல ரெண்டு கையையும் பக்கவாட்டுல தலைக்கு மேல தூக்கி இறக்கச் சொல்லி பின்னாடி நின்னு பாருங்க, ரெண்டு ஸ்கேபுலாவும் ஏறக்குறைய ஒரே மாதிரி நகருதான்னு. அப்புறம் மல்லாக்கப் படுத்து முழங்கையைத் தோள் உயரத்துல மடக்கி கையைப் பின்னாடி சாய்க்கச் சொல்லுங்க. டேப் இல்லாதப்ப எவ்வளவு போச்சோ அதே அளவு போகணும். குறைஞ்சிருந்தா டேப் தடுக்குதுன்னு அர்த்தம், எடுத்துடுங்க.

அதுக்கு அப்புறம் கிட்ட நின்னு பத்துப் பதினஞ்சு பந்து மெதுவா எறியட்டும். முதல் தடவை ஒட்டறதை மேட்ச் அன்னைக்கு வச்சுக்காதீங்க, ப்ராக்டிஸ் அன்னைக்கு ஒட்டிப் பழகணும். கை மரத்துப் போனாலோ, விரல் நிறம் மாறினாலோ, அரிச்சாலோ அந்த நிமிஷமே கழட்டிடுங்க.

ரூல் ஒண்ணும் தெரிஞ்சு வச்சுக்கங்க. தோள்ல சட்டைக்குள்ள இருக்கற டேப் பத்தி பிரச்சனை இல்ல, ஆனா மேஜர் லீக் விதிப்படி பிட்ச்சர் கையிலயோ விரல்லயோ மணிக்கட்டுலயோ டேப், பேண்ட்எய்டு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. மத்த லீக்லயும் அம்பயர் கேள்வி கேட்கலாம், ஆட்டத்துக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கறது நல்லது.

பிட்ச் கணக்கு இல்லாம டேப் ஒட்டாதீங்க

டேப் ரோலோட சேர்த்து பிட்ச் எண்ணற கிளிக்கர் ஒண்ணும் வாங்கிடுங்க, இது ரெண்டுல எது முக்கியம்னு கேட்டா யோசிக்காம கிளிக்கர்னு சொல்வேன்.

2006ல அமெரிக்காவுல டீன்ஏஜ் பிட்ச்சர்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, தோள் இல்லன்னா முழங்கையில ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களையும் பண்ணிக்காதவங்களையும் ஒப்பிட்டாங்க. கை சோர்ந்த பிறகும் வழக்கமா பிட்ச் பண்ணிக்கிட்டே இருந்தவங்களுக்கு ஆபரேஷன் வரைக்கும் போற வாய்ப்பு 36 மடங்கு. இந்த எண்ணைப் படிச்சப்பதான் டேப்பைப் பத்தின என் பார்வையே மாறிச்சு. சோர்வுங்கறது உடம்பு நம்மகிட்ட சொல்ற சேதி, அதைக் கேட்காம அமுக்கற மாதிரி டேப்பை உபயோகிச்சா அது அந்தப் பிள்ளைக்குப் பண்ற துரோகம்.

மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014ல பிட்ச் ஸ்மார்ட்னு ஒரு வழிமுறை கொண்டு வந்தாங்க. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 9, 10 வயசுக்கு 75 பிட்ச், 11, 12க்கு 85, 13ல இருந்து 16 வரைக்கும் 95, 17, 18க்கு 105. ஓய்வும் சொல்லியிருக்காங்க: 14 வயசு வரைக்கும் 20 பிட்ச்சுக்குள்ளன்னா மறுநாளே போடலாம், 21ல இருந்து 35ன்னா ஒரு நாள், 50 வரைக்கும் ரெண்டு நாள், 65 வரைக்கும் மூணு நாள், 66ம் அதுக்கு மேலயும்னா நாலு நாள் ஓய்வு. டேப் ஒட்டியிருந்தா இந்தக் கணக்குல ஒண்ணு கூட கூடாது. ரெண்டு டீம்ல ஆடற பிள்ளைன்னா ரெண்டு டீம் கணக்கையும் நீங்கதான் சேர்த்து எண்ணணும், இந்த கோச்சுக்கு அந்த கோச் போட வச்சது தெரியாது.

டேப் பிறந்த ஜப்பான்லயே இதுக்கு பெரிய பாடம் இருக்கு. கோஷியென் உயர்நிலைப் பள்ளிப் போட்டியில 1998ல டைசுகே மாட்சுசாகா 17 இன்னிங்ஸ் ஆட்டம் ஒண்ணுல 250 பிட்ச் போட்டார், 2018ல கோசெய் யோஷிதா அந்தக் கோடைப் போட்டி முழுக்க 881 பிட்ச். நாடே கொண்டாடிச்சு, கூடவே பசங்க கை என்ன ஆகும்னு கேள்வியும் எழுந்துச்சு, கடைசியில 2020ல இருந்து ஒரு வாரத்துக்கு 500 பிட்ச்தான்னு விதி வந்துச்சு. 500ங்கறதே அதிகம்னு நினைக்கறவங்கள்ல நானும் ஒருத்தன்.

கணக்கு முடியறதுக்கு முன்னாடியே சோர்வு தெரிஞ்சா எடுத்துடுங்க. முழங்கை தோள் உயரத்துல இருந்து கீழ இறங்கிடும், பந்து மேல மேல போகும், வேகம் குறையும், பந்தை விடும்போது முன்னாடி குனியாம உடம்பு நிமிர்ந்தே நிக்கும், ஒரு பிட்ச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நேரம் இழுக்கும், தோளை அடிக்கடி சுழட்டிப் பார்த்துப்பாங்க.

வாரத்துல மூணு நாளாவது ரப்பர் பேண்ட் பயிற்சி கூட வரணும், கையை வெளிப்பக்கம் திருப்பறது, ரோயிங், குப்புறப் படுத்து கையை ஒய் மாதிரி தூக்கறது. த்ரோவர்ஸ் டென்னு எறியறவங்களுக்கான பயிற்சித் தொகுப்பே இருக்கு, பிசியோகிட்ட ஒரு தடவை சரியாக் கத்துக்கங்க. டேப் ஒட்டியிருக்கும்போதே இந்தப் பயிற்சியைப் பண்ணினா ஸ்கேபுலா எங்க இருக்குன்னு பிள்ளைக்கு நல்லாப் புரியும், சொல்லப்போனா டேப்போட சிறந்த உபயோகம் மேட்ச்ல இல்ல, இங்கதான்.

எடுக்கறது

மூணு நாள்ல இருந்து அஞ்சு நாள் வரைக்கும் தாங்கும்னு போட்டிருப்பாங்க, டெக்ஸஸ், ஃப்ளோரிடா மாதிரி வெயில்ல வேர்த்து ஊத்தற இடத்துல ரெண்டு நாளே பெருசு. குளிக்கலாம், துண்டால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. ஓரம் உரிஞ்சா அந்த இடத்தை மட்டும் வெட்டிடுங்க.

எடுக்கும்போது வெடுக்குன்னு பிச்சுடாதீங்க. டேப் மேல தேங்காய் எண்ணெய் தடவி பத்து நிமிஷம் ஊற விடுங்க, பசை இளகும். அப்புறம் முடி வளர்ற திசையில, மேல இருந்து கீழ, டேப்பைத் தோலோட ஒட்டினாப்பல பின்னாடி மடக்கி மெதுவா உருட்டுங்க, இன்னொரு கையால தோலை எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடிச்சுக்கங்க. மிச்சப் பசையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு, அடுத்து ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது தோலை சும்மா விடுங்க. சிவந்திருந்தா அது முழுசா மாறற வரைக்கும் ஒட்ட வேண்டாம், அந்த வாரம் மேட்ச் இருந்தாலும் சரி.